தோல்விக்குத் தோள் கொடுத்த தலைவர்
பேராசிரியர் சதீஷ் தவான் (1920 – 2002)

அறிமுகம்

புதிய ரொக்கெட் ஒன்று முதன்முறையாக வானில் எழும் நாள், அதனை ஆக்கியவர்களுக்குப் பரீட்சை நாளைப் போன்றது. எனினும் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பரீட்சையில் ஒரு வினா தவறினால் சில புள்ளிகள் மட்டுமே குறையும். ரொக்கெட்டில் ஒரு சிறிய வால்வு பழுதடைந்தால் பல ஆண்டுகால உழைப்பு முழுவதும் சில நிமிடங்களில் கடலில் வீழ்ந்துவிடும். அவ்வாறு வீழ்ந்த ஒரு நாளில் நாட்டு மக்களின் முன்னால் நின்று பொறுப்பேற்றவரே பேராசிரியர் சதீஷ் தவான். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தை 1972 தொடக்கம் 1984 வரை வழிநடத்திய இவருடைய வாழ்க்கையையும், அதன் மிக முக்கியமான ஓராண்டையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

பிறப்பும் கல்வியும்

சதீஷ் தவான் 1920 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25 ஆந் திகதி காஷ்மீரின் ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்றார். அங்கு அவர் பெற்ற பட்டங்களை நோக்கினால் வியப்பு ஏற்படும். முதலில் கணிதமும் பௌதிகவியலும் கற்றுப் பட்டம் பெற்றார். அடுத்து ஆங்கில இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதன் பின்னர் 1945 இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். விஞ்ஞானம் கற்பவருக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இவருடைய வாழ்க்கை ஒரு நல்ல விடையாகும்.

பின்னர் மேற்படிப்புக்காக ஐக்கிய அமெரிக்கா சென்றார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1947 இல் வானூர்திப் பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இந்தியத் துணைக்கண்டம் இரண்டாகப் பிரிந்தது. அவர் கல்வி கற்ற லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. தவான் கலிபோர்னியா தொழினுட்ப நிறுவனத்தில் கற்கையைத் தொடர்ந்து, பேராசிரியர் ஹான்ஸ் லீப்மன் என்பவரின் வழிகாட்டலில் 1951 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஒலியினும் வேகமாகப் பாயும் வளி, ஒரு மேற்பரப்பின் மீது எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே அவர் ஆராய்ந்த துறையாகும்.

ஆசிரியப் பணி

அமெரிக்காவில் தங்கி உயர் பதவி பெறும் வாய்ப்பு இருந்தும் தவான் 1951 இல் தாயகம் திரும்பினார். பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் இணைந்தார். ஒலியினும் கூடிய வேகத்தில் வளியைச் செலுத்திச் சோதனை செய்யும் காற்றுச் சுரங்கம் ஒன்றை இந்தியாவில் முதன்முதலாக அமைத்தவர் இவரே. பறக்கும் பொருள் ஒன்றின் சிறிய மாதிரியை அசையாமல் நிறுத்தி வைத்து, அதன் மீது வேகமாகக் காற்றைச் செலுத்தி ஆராயும் கருவியே காற்றுச் சுரங்கம் எனப்படும்.

1955 இல் வானூர்திப் பொறியியற் துறையின் தலைவரானார். 1960 களின் தொடக்கத்தில், நாற்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், அந்நிறுவனத்தின் பணிப்பாளர் பதவியை ஏற்றார். 1981 வரை அப்பதவியை வகித்தார். பதவி உயர்ந்த பின்னரும் மாணவர்களைச் சந்திப்பதையும் ஆய்வுகூடத்துக்குச் செல்வதையும் அவர் கைவிடவில்லை.

எதிர்பாராத அழைப்பு

இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடக்கியவர் டாக்டர் விக்ரம் சாராபாய். கேரளத்தின் தும்பா என்னும் மீனவக் கிராமத்திலிருந்து 1963 நவம்பர் 21 ஆந் திகதி முதலாவது ரொக்கெட் ஏவப்பட்டபோது, அங்கிருந்த தேவாலயம் ஒன்றே ரொக்கெட்டைப் பொருத்தும் இடமாகப் பயன்பட்டது. அந்தக் குழுவில் பணியாற்றிய இளம் பொறியியலாளர்களில் ஒருவரே இராமேஸ்வரத்தைச் சேர்ந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம். இவர் நமது மன்னார்க் கரைக்கு எதிரே உள்ள தீவில் எளிய முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவர். பிற்காலத்தில் இந்தியாவின் சனாதிபதியானவரும் இவரே.

சாராபாய் 1971 டிசம்பர் 30 ஆந் திகதி திடீரெனக் காலமானார். அப்போது அவருக்கு வயது 52 மட்டுமே. அவ்வேளையில் தவான் ஆய்வு விடுமுறையில் கலிபோர்னியாவில் இருந்தார். விண்வெளித் திட்டத்தைப் பொறுப்பேற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அவரை அழைத்தார். தவான் உடனே இணங்கவில்லை. விண்வெளி நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் அமைய வேண்டும் என்றும், விஞ்ஞான நிறுவனத்தின் பணிப்பாளராகத் தாம் தொடர வேண்டும் என்றும் நிபந்தனைகளை முன்வைத்தார். அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1972 இல் அவர் பதவியேற்றார்.

அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை எளிதானதன்று. வறுமையும் உணவுப் பற்றாக்குறையும் நிலவிய நாடொன்று விண்வெளிக்குச் செலவிட வேண்டுமா என்று பலர் கேட்டனர். சாராபாயைப் போலவே தவானும், விண்வெளி ஆய்வு சாதாரண மக்களுக்குப் பயன்பட்டால் மட்டுமே அதற்குரிய செலவு நியாயமாகும் என்று கருதினார். கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழிக் கல்வி, தொலைத்தொடர்பு, வானிலை அவதானிப்பு, நில வளங்களைக் கண்டறிதல் ஆகியவற்றையே அவர் முதன்மையான குறிக்கோள்களாகக் கொண்டார்.

அவரது காலத்தில், 1975 ஏப்ரல் 19 ஆந் திகதி, ‘ஆரியபட்டா’ என்னும் முதலாவது இந்தியச் செய்மதி விண்ணுக்குச் சென்றது. 360 கிலோகிராம் நிறையுடைய அச்செய்மதியைச் சோவியத் ஒன்றியத்தின் ரொக்கெட்டே சுமந்து சென்றது. சில நாட்களில் அதன் மின் வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, விஞ்ஞானப் பரிசோதனைகள் தடைப்பட்டன. ஆயினும் செய்மதி ஒன்றைத் தாமே வடிவமைத்து இயக்க முடியும் என்பதை இந்தியப் பொறியியலாளர்கள் அறிந்துகொண்டனர். அடுத்த தேவை, செய்மதியைச் சுமந்து செல்லும் சொந்த ரொக்கெட் ஆகும்.

எஸ்.எல்.வி.-3 என்னும் புதிய ரொக்கெட்

இப்பணிக்கான ரொக்கெட் எஸ்.எல்.வி.-3 எனப் பெயர் பெற்றது. அதன் செயற்றிட்டப் பணிப்பாளராக அப்துல் கலாம் நியமிக்கப்பட்டார். ரொக்கெட்டின் உயரம் ஏறத்தாழ 22 மீற்றர். நிறை 17 தொன். திண்ம எரிபொருளால் இயங்கும் நான்கு கட்டங்கள் அதில் இருந்தன. இவ்வளவு பெரிய ரொக்கெட்டால் சுமந்து செல்லக்கூடிய செய்மதியின் நிறை 40 கிலோகிராம் மட்டுமே. அதாவது, சிறிய பள்ளி மாணவர் ஒருவரின் நிறையை விண்ணுக்கு அனுப்ப 17 தொன் நிறையுடைய ரொக்கெட் தேவைப்பட்டது.

ஏவுதளம் ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவில் அமைந்திருந்தது. இது சென்னைக்கு வடக்கே, ஆந்திர மாநிலத்தின் கரையோரத்தில் உள்ளது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கும்போது நாம் காணும் அதே வங்காள விரிகுடாவே ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் கிழக்கே விரிந்துள்ளது. ஏவுதளம் கிழக்குக் கரையில் அமைந்ததற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கு நோக்கி ஏவப்படும் ரொக்கெட்டுக்கு அச்சுழற்சியின் வேகமும் கிடைக்கிறது. இரண்டாவது, எரிந்து முடிந்த கட்டங்கள் மக்கள் வாழாத கடலில் வீழும்.

இறுதி நிமிடங்கள்

1979 ஆகஸ்ட் 10 ஆந் திகதி காலை எஸ்.எல்.வி.-3 தனது முதலாவது பறப்புக்குத் தயாராக நின்றது. ஏவுதலுக்கு முந்திய இறுதி நிமிடங்களில் ரொக்கெட்டின் ஒவ்வொரு பகுதியையும் கணினி சரிபார்த்தது. அப்போது, கணினி திடீரென எண்ணிக்கையை நிறுத்தியது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதியில் கசிவு ஏற்பட்டிருந்தமை தெரியவந்தது.

இவ்விடத்தில் கசிந்த பொருளின் பணியை விளங்கிக்கொள்ள வேண்டும். எரிபொருள் எரிவதற்கு ஒட்சிசன் தேவை என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருக்கிறோம். உயரத்தில் வளி மிக ஐதானது. ஆகவே எரிபொருளுடன், அதனை எரியச் செய்யும் ஒட்சியேற்றியையும் ரொக்கெட் சுமந்து செல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் சிறிய உந்திகளில் ஒட்சியேற்றியாக நைத்திரிக்கமிலம் பயன்பட்டது. எரிபொருளும் அமிலமும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டுமே உந்துவிசை பிறக்கும். அமிலம் இல்லாவிட்டால் எரிபொருள் வெறுமனே வெளியேறும். திசையைத் திருத்த இயலாது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த நிபுணர்கள் விரைந்து கணக்கிட்டனர். கசிந்தது போக எஞ்சியுள்ள அமிலம் போதுமானது என்பது அவர்களது கருத்தாக இருந்தது. கசிவைத் திருத்துவதானால் ஏவுதலைப் பிற்போட வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பு செயற்றிட்டப் பணிப்பாளருடையது. நிபுணர்களின் கணிப்பை ஏற்றுக் கணினியின் தடையை நீக்கி, ரொக்கெட்டை ஏவுமாறு கலாம் பணித்தார். இதனை அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் வெளிப்படையாக எடுத்துக் கூறியுள்ளார்.

காலை 7.58 மணியளவில் ரொக்கெட் எழுந்தது. முதலாம் கட்டம் சிறப்பாக இயங்கியது. இரண்டாம் கட்டம் தொடங்கியதும் ரொக்கெட் நிலைதடுமாறியது. 317 செக்கன்களில் பறப்பு முடிவுக்கு வந்தது. செய்மதியுடன் எஞ்சிய பகுதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீற்றர் தொலைவில் வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது.

தலைவரின் செயல்

அன்று பத்திரிகையாளர்கள் விடை வேண்டிக் காத்திருந்தனர். பொதுப்பணம் வீணாயிற்று என்ற குற்றச்சாட்டு எழும் என்பது தெளிவாக இருந்தது. முடிவெடுத்தவர் கலாம், எனவே பதில் கூற வேண்டியவரும் அவரே என்று தவான் ஒதுங்கியிருக்கலாம். அவ்வாறு அவர் செய்யவில்லை. கலாமைத் தம்முடன் அழைத்துச் சென்று, தாமே பத்திரிகையாளர்களின் முன் அமர்ந்தார். தோல்விக்கான பொறுப்பு நிறுவனத்தின் தலைவரான தம்முடையது என்று அறிவித்தார். தமது குழுவினர் மீது முழு நம்பிக்கை இருப்பதாகவும், அடுத்த ஆண்டிற்குள் அவர்கள் வெற்றி பெறுவர் என்றும் உறுதி கூறினார்.

எனினும், தோல்வியை மறைப்பதற்கு அவர் இடமளிக்கவில்லை. மறுநாளே எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி, என்ன நடந்தது என்பதை ஆராய்ந்தனர். தொடர்ந்து நடைபெற்ற விரிவான ஆய்வில் காரணம் கண்டறியப்பட்டது. அமிலத் தாங்கியின் வால்வு ஒன்றில் மாசு சிக்கியிருந்தது. ஏவுதலுக்கு 8 நிமிடங்களுக்கு முன் கொடுக்கப்பட்ட கட்டளையால் திறந்த அவ்வால்வு, மாசின் காரணமாக மீண்டும் மூடவில்லை. அமிலம் தொடர்ந்து வெளியேறியது. இரண்டாம் கட்டத்துக்குக் கட்டுப்பாட்டு விசை தேவைப்பட்டபோது, எரிபொருள் மட்டுமே பாய்ந்தது. எஞ்சிய அமிலம் போதும் என்ற கணிப்பு பிழைத்துவிட்டது.

இவ்வறிக்கை முன்வைக்கப்பட்ட கூட்டத்தில், செயற்றிட்டப் பணிப்பாளர் என்ற வகையில் பொறுப்பு தம்முடையது என்று கலாம் எழுந்து கூறினார். தலைவர் பணியாளரைக் காட்டிக்கொடுக்கவில்லை; பணியாளர் தலைவரின் பின்னால் மறைந்துகொள்ளவுமில்லை. தவான் கலாமைப் பதவியிலிருந்து நீக்கவில்லை. அடுத்த ஏவுதலையும் அவரிடமே ஒப்படைத்தார். குழு கலையாமல் இருந்தமையால், தோல்வியிற் கற்ற பாடங்களும் அக்குழுவிடமே இருந்தன.

வெற்றி வந்தபோது

1980 ஜூலை 18 ஆந் திகதி காலை எஸ்.எல்.வி.-3 மீண்டும் ஏவப்பட்டது. நான்கு கட்டங்களும் ஒழுங்காக இயங்கின. 35 கிலோகிராம் நிறையுடைய ‘ரோகிணி’ செய்மதி புவியைச் சுற்றி வரத் தொடங்கியது. சொந்த ரொக்கெட்டால் செய்மதியை ஏவிய மிகச் சில நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது.

அன்றும் பத்திரிகையாளர்கள் காத்திருந்தனர். இம்முறை தவான் முன்னால் வரவில்லை. அவர்களைச் சந்தித்து விளக்கமளிக்குமாறு கலாமையும் அவரது குழுவினரையும் அனுப்பினார். தோல்வி நேர்ந்தபோது முன்னே நின்றவர், வெற்றி கிடைத்தபோது பின்னே நின்றார். தலைமைத்துவம் பற்றிய தமது மிகப் பெரிய பாடத்தை அன்று கற்றதாகக் கலாம் தமது வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

தொடர்ந்த பணிகள்

இதற்குப் பின்னரும் தடைகள் வந்தன. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட ‘இன்சாட்-1ஏ’ என்னும் பல்நோக்குச் செய்மதி சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட ‘இன்சாட்-1பி’ செய்மதியின் சூரியத் தகடு விரியாமல் சிக்கிக்கொண்டது. தரையிலிருந்த பொறியியலாளர்கள் பொறுமையுடன் முயன்று அதனை விரியச் செய்தனர். அச்செய்மதி பல ஆண்டுகள் தொலைக்காட்சிக்கும் தொலைத்தொடர்புக்கும் வானிலை அவதானிப்புக்கும் பயன்பட்டது.

வானிலைச் செய்மதியின் பெறுமதியைக் கிழக்கிலங்கை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23 ஆந் திகதி வங்காள விரிகுடாவிலிருந்து வந்த சூறாவளி மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களைச் சிதைத்ததை முதியோர் இன்றும் கூறுவர். கடலில் உருவாகும் சூறாவளியை வானிலிருந்து தொடர்ந்து கண்காணிக்கும் செய்மதிகளே இன்று முன்னெச்சரிக்கை வழங்க உதவுகின்றன.

தவான் 1984 இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக் காலத்தில் பறவைகள் பறக்கும் முறையை ஆராய்ந்து நூலொன்றும் எழுதினார். 2002 ஜனவரி 3 ஆந் திகதி பெங்களூரில் காலமானார். அதே ஆண்டில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு ‘சதீஷ் தவான் விண்வெளி நிலையம்’ எனப் பெயர் சூட்டப்பட்டது.

அந்த ஏவுதளத்தில் 2019 ஜூலை 15 ஆந் திகதி, ‘சந்திரயான்-2’ விண்கலத்தைச் சுமந்த ரொக்கெட்டில் கோளாறு ஒன்று தென்பட்டது. ஏவுதலுக்கு 56 நிமிடங்களே இருந்தபோது பணி நிறுத்தப்பட்டது. கோளாறு திருத்தப்பட்டு, ஜூலை 22 ஆந் திகதி ரொக்கெட் வெற்றிகரமாக ஏவப்பட்டது. எனினும் அதன் தரையிறங்கி செப்டெம்பரில் சந்திரனில் மோதியது. குறைகள் ஆராயப்பட்டு அனுப்பப்பட்ட ‘சந்திரயான்-3’, 2023 ஆகஸ்ட் 23 ஆந் திகதி சந்திரனில் மெதுவாகத் தரையிறங்கியது. 1979 இல் கடைப்பிடிக்கப்பட்ட வழிமுறையே இங்கும் பின்பற்றப்பட்டது: தோல்வியை ஒப்புக்கொள்ளல், காரணத்தைத் தேடல், திருத்தல், மீண்டும் முயலல்.

முடிவுரை

மாணவர்களே, வால்வில் சிக்கிய சிறு மாசு 17 தொன் ரொக்கெட்டை வீழ்த்தியது. அந்த மாசைக் கண்டறிய முடிந்ததற்குக் காரணம், உண்மையைக் கூற எவரும் அஞ்சாத ஒரு சூழல் நிலவியமையாகும். பழி தம்மீது விழும் என்று அஞ்சுபவர் குறையை மறைப்பார்; மறைக்கப்பட்ட குறை அடுத்த ரொக்கெட்டையும் வீழ்த்தும். பழியைத் தாம் ஏற்றுக்கொண்டதன் மூலம் அந்த அச்சத்தைத் தவான் நீக்கினார். வகுப்புத் தலைவராயினும் விளையாட்டுக் குழுத் தலைவராயினும் குடும்பத் தலைவராயினும் கைக்கொள்ளத்தக்க பண்பு இதுவாகும்.

நினைவிற் கொள்க

1920 – ஸ்ரீநகரில் பிறப்பு
1951 – கலாநிதிப் பட்டம். இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் இணைதல்
1972 – விண்வெளி நிறுவனத் தலைமை
1975 – ஆரியபட்டா செய்மதி
1979 – எஸ்.எல்.வி.-3 முதலாவது பறப்பு (தோல்வி)
1980 – எஸ்.எல்.வி.-3 இரண்டாவது பறப்பு (வெற்றி)
1984 – ஓய்வு
2002 – மறைவு. ஏவுதளத்துக்கு அவரது பெயர்

பயிற்சி வினாக்கள்

1. விண்வெளித் தலைமையை ஏற்பதற்குச் சதீஷ் தவான் முன்வைத்த நிபந்தனைகள் இரண்டு தருக.
2. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் கிழக்குக் கரையில் அமைந்தமைக்கான காரணங்களை விளக்குக.
3. ரொக்கெட் ஒட்சியேற்றியைச் சுமந்து செல்ல வேண்டியது ஏன்?
4. எஸ்.எல்.வி.-3 இன் முதலாவது பறப்பு தோல்வியடைந்தமைக்கான காரணத்தை உமது சொந்த நடையில் எழுதுக.
5. கணினியின் தடையை நீக்க எடுக்கப்பட்ட முடிவு சரியானதா? காரணங் காட்டி உமது கருத்தை எழுதுக.
6. ‘நல்ல தலைவருக்குரிய பண்புகள்’ என்னும் தலைப்பில் 200 சொற்களில் கட்டுரை ஒன்று எழுதுக.